மண்ணுக்குள் மறைந்து வாழும் காளான் குலம்

பட்டுக்கோட்டைத் தாலுகாவில் நிலம் வாங்கப் போகிறவர் யாராயிருந்தாலும் முதலில் விசாரிப்பது மூன்று விஷயங்களைத்தான். மண் செம்மணலா, களியா? கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் ஏறுமா, ஏறாதா? தென்னை எத்தனை, காய்ப்பு எப்படி? இம்மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைத்துவிட்டால் பத்திரம் எழுத வேண்டியதுதான் பாக்கி. அந்த மண்ணுக்குள்ளே ஏற்கனவே குடியிருக்கிறவர்கள் யார் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. சில வருஷங்களுக்கு முன்வரை கேட்டிருந்தாலும் முழு விடை சொல்லக் கூடியவர் உலகத்திலேயே ஒருவரும் இல்லை.

இப்பொழுது விடை சொல்ல ஒரு வழி பிறந்திருக்கிறது. ஒரு கரண்டி மண்ணை எடுத்துப் பரிசோதித்து, "இந்த மண்ணில் இன்னின்ன ஜீவன்கள் வாழ்கின்றன, இன்னின்னவை முன்னே வாழ்ந்திருந்தன" என்று, அவற்றில் ஒன்றையாவது கண்ணால் பாராமலே, விஞ்ஞானிகள் ஜாபிதா எழுதிக் கொடுக்கிறார்கள். குளிர்ந்த தேசங்களின் கரிச் சதுப்புகளிலும், சைபீரியாவின் உறைந்த மண்ணிலும், கடலடிச் சேற்றிலும் கையாளப்பட்டு வரும் இந்த வித்தை நமது தஞ்சைத் தரணிக்கு என்ன பிரயோஜனம் என்று நேயர்கள் கேட்கலாம். பிரயோஜனம் மிகவும் உண்டு. அதைச் சொல்லுவதற்கு முன்னால் அந்த மண்வாசிகளுள் முக்கியமான ஒரு குலத்தை அறிமுகப்படுத்திவிட வேண்டியது அவசியம்.

காளான் என்பது எது?

மழை விட்ட மறுநாள் வைக்கோற்போரின் அடியிலும் கறையான் புற்றின் ஓரத்திலும் வெள்ளைக் குடை விரித்து நிற்கும் காளானை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் குடையே காளான் என்றுதான் எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது காளானின் பழத்தைப் போன்றது. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, காளானுக்குக் குடை அப்படி. அப்படியானால் மரம் எங்கே? அது மண்ணுக்குள்ளும், மட்கிய இலைக்குள்ளும், பட்டுப்போன கட்டைக்குள்ளும் சிலந்தி நூலினும் மெல்லிய இழைகளாகப் படர்ந்து கிடக்கிறது. பல காளான்கள் குடை விரிப்பதே இல்லை. ஆயுள் முழுவதும் இழையாகவே இருந்து இழையாகவே முடிந்துபோகின்றன.

ஊறுகாய் ஜாடியின் மேல் வெண்படலமாகப் படர்வதும், அடைமழைக் காலத்தில் தோல் செருப்பின் மேல் பச்சையாகப் பூப்பதும், ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. 1928-ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்டுபிடித்த பெனிசிலின் மருந்தும் ஒரு பூசணத்தின் கொடைதான். காளானைச் செடி வர்க்கத்தில் சேர்ப்பது பழைய வழக்கம். ஆனால் செடியைப்போல் சூரிய ஒளியில் உணவு சமைத்துக் கொள்ள அதற்குத் தெரியாது. பிராணிகளைப் போல் விழுங்கவும் தெரியாது. தன்னைச் சுற்றியுள்ள பொருளின் மீது செரிமான ரசங்களைச் சுரந்து, வெளியிலேயே ஜீரணித்து, பிறகு உறிஞ்சிக் கொள்ளுகிறது. ஆகையால் இன்று அதற்கு ஒரு தனி ராஜ்யமே வகுத்திருக்கிறார்கள்.

இந்த ராஜ்யத்தின் ஜனத்தொகைக் கணக்குத்தான் ஆச்சரியமானது. இதுவரை பெயர் சூட்டப் பெற்ற காளான் இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம். உலகத்தில் மொத்தம் எத்தனை இருக்கக்கூடும் என்று 2017-ஆம் ஆண்டில் ஹாக்ஸ்வொர்த், லூக்கிங் என்ற இரு நிபுணர்கள் கணித்தார்கள். அவர்கள் சொன்ன தொகை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை. அதாவது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட காளான்கள் பெயரின்றியும் பிறர் கண்ணில் படாமலும் நம் காலடியிலேயே வாழ்ந்து கொண்டிருக்கின்றன.

தஞ்சை கண்ட இரு கொள்ளைகள்

காவேரிப் பாசன நாட்டார் காளானை அலட்சியமாக எண்ணுவதற்கில்லை. அது இங்கே பெருங் கொள்ளையடித்துச் சென்ற சந்தர்ப்பங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, 1919-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் டெல்டாவில் பரவிய நெற்குலை நோய். இலையில் கண்வடிவமான புள்ளிகளாகத் தோன்றும். கதிர் வெளிவரும் தருணத்தில் கழுத்துக் கறுத்து ஒடியும். பால் பிடிக்க வேண்டிய மணி பதராகிவிடும். இதற்குக் காரணம் ஒரு நுண்ணிய காளான். இந்தியாவில் இந்நோய் 1913-ஆம் ஆண்டிலேயே குறிப்பிடப்பட்டிருந்த போதிலும், அது எவ்வளவு தூரம் நாசம் செய்யக் கூடியது என்பதைத் தேசத்துக்கு உணர்த்தியது தஞ்சை வயல்களின் அனுபவமே. 1922-இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. பூச்சியையும் நோயையும் தாங்கும் நெல் வகைகளைத் தேடுவது தென்னாட்டு நெல் ஆராய்ச்சியின் நீங்காத வேலைகளில் ஒன்றாக இருந்து வருகிறது.

இரண்டாவது கொள்ளை பட்டுக்கோட்டைப் பக்கத்துக்கே மிகவும் நெருங்கியது. தஞ்சை ஜில்லாவின் தென்பகுதி பழைய டெல்டாவைப் போன்ற கரிய வண்டல் நாடன்று. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, "புது ஆறு" என்று ஜனங்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாயில் நீர் வந்த பிறகே இந்தச் செம்மண்ணும் மணலும் கலந்த பூமி தழைத்தது. நெல்லுக்கு அடுத்தபடியாக, பல இடங்களில் நெல்லுக்கும் மேலாகவே, இங்கே தென்னை இடம் பெற்றது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் பெண்ணின் கல்யாணமும் பிள்ளையின் படிப்பும் தேங்காய் வெட்டைப் பார்த்தே நிச்சயமாகிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அந்தத் தென்னையில் 1952-ஆம் ஆண்டில் ஒரு விசித்திர நோய் கண்டது. அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியில் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கடும் புயல் கரை கடந்தது; புயலடித்த கரையோரத் தோப்புகளில் நோயும் தலைகாட்டியது. முதலில் அடிமட்டைகள் மஞ்சளித்துத் துவண்டு மரத்தை அணைத்தாற்போல் தொங்கும். குரும்பை கொட்டும். பிறகு மரத்தின் அடியில் வெடிப்புக் கண்டு, செம்பழுப்பு நிறமான சாறு ரத்தம்போலக் கசியும். கசிவு மெல்ல மேலேறும். வேர்கள் அழுகி, முடி சிறுத்து, கடைசியில் மரம் சாயும். ஆராய்ச்சியாளர் இதை அடித்தண்டழுகல் என்பார்கள். ஆனால் உலகத்துத் தென்னை நூல்களிலெல்லாம் இதற்கு வழங்கும் மற்றொரு பெயர் "தஞ்சாவூர் வாடல் நோய்" என்பதே! தலையாட்டிப் பொம்மைக்கும் வீணைக்கும் தட்டுக்கும் பெயர் கொடுத்த ஊர், கேட்காமலே ஒரு வியாதிக்கும் பெயர் கொடுத்துவிட்டது.

இதைச் செய்யும் காளான் கானோடெர்மா என்ற வர்க்கத்தது. நோய் முற்றியபின் மரத்தடியில் ஒரு பக்கம் ஒட்டிய பலகைபோல், அரக்குப் பூசினாற் போன்ற பளபளப்புடன், இதன் காய் வெளிப்படுவதுண்டு. மைசூர் நாட்டில் கமுகைக் கெடுக்கும் இதன் உறவுக்கு "அணபெ ரோகம்" என்று பெயர். கன்னடத்தில் அணபெ என்றால் காளான். இதே வர்க்கத்துக் காளானைச் சீனத்திலும் ஜப்பானிலும் நீண்ட ஆயுளைத் தரும் மூலிகையென்று போற்றிச் சாப்பிடுகிறார்கள். ஒரு நாட்டில் வைத்தியன், மற்றொரு நாட்டில் யமன்!

கண்ணுக்குத் தெரிவதற்குள் காரியம் மிஞ்சி விடுகிறது

இந்நோயில் மிகவும் சங்கடமான அம்சம் எது என்றால், அடையாளம் வெளியில் தெரியும்போது வேரில் பாதி போய்விட்டிருக்கும் என்பதுதான். காளான் மண்ணின் வழியாகவும், ஒரு மரத்தின் வேர் மற்றொன்றின் வேரைத் தொடுவதன் வழியாகவும் பரவுகிறது. மரம் விழுந்த பின்னும், பூமியில் விட்டுப்போன கட்டையிலும் வேரிலும் வருஷக் கணக்காகத் தங்கியிருக்கும். ஆகையால், "என் தோப்பில் நோய் இருக்கிறதா?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்பதில் அதிகப் பயன் இல்லை. மண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும். மண் எப்படிப் பதில் சொல்லும்?

பழைய முறை இது: சிட்டிகை மண்ணை நீரில் கலக்கி, கடற்பாசிக் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தெளிப்பார்கள். சில நாட்களில் வெள்ளை, பச்சை, கறுப்பு என்று பல நிறங்களில் பூசணங்கள் முளைக்கும். ஒவ்வொன்றையும் பிரித்து வளர்த்து, பூதக்கண்ணாடியில் வித்துக்களின் உருவத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். பொறுமையும் கூரிய பார்வையும் வேண்டிய தவம் இது. இந்தத் தவத்தில் நமது சென்னை உலகப் புகழ் பெற்றது என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக் கொள்ளலாம். சென்னை சர்வகலாசாலைத் தாவர ஆராய்ச்சிக் கூடத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் 1940-களில் தொடங்கி மண்ணில் வாழ்ந்து பயிர்களை வாட்டும் காளான்களைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சிப் பரம்பரையையே உருவாக்கினார். அப்பரம்பரையில் வந்த சி. வி. சுப்பிரமணியன் 1971-இல் வெளியிட்ட, இழைப்பூசணங்களைப் பற்றிய பெருநூலைப் பிற தேசத்து நிபுணர்களும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

எனினும் இம்முறைக்கு ஒரு எல்லை உண்டு. கண்ணாடித் தட்டில் வைத்த விருந்துக்கு எல்லாக் காளான்களும் வருவதில்லை. வேகமாக வளரும் சில பூசணங்கள் பந்தியை ஆக்கிரமித்துக் கொள்ளும். உயிருள்ள வேரோடு சேர்ந்தாலொழிய வளராத காளான்கள் எட்டியும் பார்க்கமாட்டா. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணி ஊர் ஜனத்தொகையைச் சொல்வது போன்றது இது.

ஒரு கரண்டி மண்ணும் ஒரு பெரிய அடங்கலும்

புது முறை வேறு வழியில் செல்கிறது. ஒவ்வொரு ஜீவனின் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட அதன் ஜாதகம் அது. ஜீவன் வாழும்போதும் இறக்கும்போதும் இந்த இழையின் துணுக்குகள் மண்ணிலும் நீரிலும் சிந்திக் கிடக்கின்றன. தேர்த்திருவிழா முடிந்த மறுநாள் வீதியைப் பெருக்குகிறவன், கிடக்கும் வளையல் துண்டு, விபூதிப் பொட்டலம், சோளப்பொரி, கிழிந்த விசிறி ஆகியவற்றைக் கொண்டு யார் யார் வந்து போனார்கள் என்று ஊகிக்கலாம் அல்லவா? அதே போல, சிந்திய துணுக்குகளைக் கொண்டு வந்து போனவர்களை அறிவதே "சுற்றுச்சூழல் டி.என்.ஏ." ஆராய்ச்சி.

முதலில் மண்ணிலிருந்து டி.என்.ஏ.யைக் கழுவிப் பிரிக்கிறார்கள். அது மிகமிகச் சொற்பமாகவே கிடைக்கும். அதைப் பெருக்குவதற்கு அமெரிக்கரான கேரி முல்லிஸ் 1983-இல் கண்டுபிடித்த பி.சி.ஆர். என்னும் முறை இருக்கிறது. அதற்காக 1993-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் நெல்லை இரட்டிப்பாக்கிக் கொடுக்கும்படி கேட்டு அரசனைத் திகைக்க வைத்தவனின் கதை நமக்குத் தெரியும். பி.சி.ஆர். செய்வதும் அதுவே. ஒவ்வொரு சுற்றிலும் துணுக்கு இரட்டிக்கிறது. முப்பது சுற்று முடியும்போது ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடுகிறது!

எல்லாத் துணுக்குகளையும் பெருக்கினால் மண்புழு, வேர், பாக்டீரியா ஆகிய எல்லாம் கலந்து குழப்பம் உண்டாகும். காளான்களை மட்டும் பிடிக்கவேண்டும். பிடித்தவற்றுள் இனத்துக்கு இனம் வேற்றுமையும் தெரியவேண்டும். இதற்கு ஏற்ற ஒரு சிறு பகுதியை ஐ.டி.எஸ். என்று அழைக்கிறார்கள். அதைப் பற்றியெடுக்கும் இடுக்கி போன்ற துணுக்குகளை 1990-இல் தாமஸ் ஒயிட், தாமஸ் புரூன்ஸ் முதலியவர்கள் வெளியிட்டார்கள். 2012-இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி, காளான்களை அடையாளம் காணும் பொது முத்திரை இந்த ஐ.டி.எஸ். பகுதியே என்று தீர்மானித்தார்கள்.

கடைசியில், பெருக்கிய துணுக்குகளை ஒரு யந்திரம் எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. படித்ததை, ஏற்கனவே பெயர் தெரிந்த காளான்களின் எழுத்துக்களைப் பதிந்து வைத்திருக்கும் பேரேட்டுடன் ஒப்பிடுகிறார்கள். எஸ்தோனியா என்ற சிறு தேசத்து டார்ட்டு சர்வகலாசாலையை மையமாகக் கொண்டு நடந்துவரும் "யுனைட்" என்ற பேரேடு இவற்றுள் பிரசித்தமானது. 1980 வரை கிராமத்துக் கர்ணம் எந்தப் புலத்தில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று அடங்கல் எழுதி வந்ததில்லையா? இது காளான்களின் அடங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தெடெர்சூ என்பவரும் அவருடைய தோழர்களும் 365 இடங்களின் மண்ணை உலகெங்கிலுமிருந்து திரட்டி, 2014-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். செடி கொடி இனங்கள் பெருகிய இடத்திலெல்லாம் காளான் இனங்களும் அதே விகிதத்தில் பெருகுவதில்லை என்பதும், சீதோஷ்ண நிலையே அவற்றை அதிகமாக ஆள்கிறது என்பதும் அதனால் தெரியவந்தன.

கரிச் சதுப்பின் பூட்டு

இம்முறை மிகவும் கைகொடுத்த இடங்களில் ஒன்று, வட தேசங்களின் கரிச் சதுப்புகள். நீர் வடியாத குளிர்ந்த பள்ளங்களில் பாசியும் புல்லும் செத்து விழுகின்றன. காற்றுப் புகாத புளித்த நீரில் அவை மட்குவதில்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களாக அடுக்கடுக்காய்ச் சேர்ந்து, நிலக்கரியாவதற்கு முந்திய பருவத்தில் நின்றுவிடுகின்றன. உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் இத்தகைய சதுப்பு. ஆயினும் உலகத்துக் காடுகளின் மரங்களிலெல்லாம் இருப்பதைவிட அதிகமான கரிப்பொருள் இதற்குள் அடைபட்டிருக்கிறது. நீர்தான் பூட்டு, காளான்களின் கையில் இருப்பது சாவி. சதுப்பை வடித்துவிட்டாலும், பூமியின் உஷ்ணம் ஏறினாலும், காற்று உட்புகும். காளான்கள் மட்கச் செய்யும் வேலையைத் தொடங்கும். அடைபட்ட கரி வாயுவாகி ஆகாயத்தில் கலந்து, உஷ்ணத்தை மேலும் ஏற்றும். எனவே சதுப்பில் எந்தக் காளான் எந்த ஆழத்தில் இருக்கிறது, நீர் வடிந்தால் எது ஒதுங்கி எது தலையெடுக்கிறது என்ற கேள்வி, சதுப்பையே காணாத நம்மையும் பாதிப்பதாகும்.

நாம் சதுப்பைக் காணாதவர்கள் என்று சொல்வதும் சரியன்று. நமது நீலகிரியிலேயே இத்தகைய கரிச் சதுப்புகள் இருக்கின்றன. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லா முதலிய பள்ளத்தாக்குகளில் தோண்டியெடுத்த கரிச் சேற்றை ராமன் சுகுமாரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழைக்கும் வறட்சிக்கும் அது சாட்சி சொல்வதை 1993-இல் உலகுக்கு அறிவித்தார்கள். எருமைகள் மேயும் அந்த ஈரப் பள்ளங்கள் நமது தேசத்தின் பழைய சரித்திரம் எழுதிய ஓலைக் கட்டுகள்.

பட்டுக்கோட்டைக்கு இன்னும் சமீபத்தில், அதிராம்பட்டினத்துக்குக் கிழக்கே, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. கோரையாறு, பாமணியாறு முதலிய காவேரிக் கிளைகள் கடலில் கலக்கும் அந்தக் கழியின் சேறும் காற்றுப் புகாத சேறுதான். அதுவும் ஒரு கரிக் களஞ்சியந்தான். கண்டல் இலை விழுந்தவுடன் அதன்மேல் முதலில் குடியேறி, மீனும் இறாலும் தின்னத்தக்கதாக அதைப் பதப்படுத்துவோரில் காளான்களும் சேர்ந்தவை. பிச்சாவரம் அலையாத்தி மரங்களின் இலைகளுக்குள்ளேயே, நோய் செய்யாமல் மறைந்து வாழும் காளான்களைக் குமரேசன், டி. எஸ். சூரியநாராயணன் ஆகியோர் ஆராய்ந்து 2001-இல் எழுதினார்கள்.

யந்திரமும் ஏமாறும்

புது வித்தை எதையும் கண்மூடித் துதிப்பது நமக்குப் பழக்கமன்று. இதற்கும் குறைகள் உண்டு. செத்துப்போன காளானின் டி.என்.ஏ.யும் மண்ணில் கொஞ்ச காலம் தங்கும்; குளிர்ந்த சதுப்பிலோ நெடுங்காலம் தங்கும். ஆகவே ஜாபிதாவில் இருக்கும் எல்லாப் பெயரும் உயிரோடிருப்பவர்களின் பெயர் என்று சொல்வதற்கில்லை. ஒரு இனத்தின் துணுக்கு அதிகமாகக் கிடைத்தால் அந்த இனம் அதிகம் என்றும் தீர்மானிக்கக் கூடாது. சில இனங்கள் ஒரே உயிரணுவில் இந்தப் பகுதியைப் பல பிரதிகளாக வைத்திருக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக் காற்றிலுள்ள பூசணத் தூசு கலந்துவிட்டாலும் விபரீதந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பேரேட்டில் பெயரே இல்லாத எழுத்துக்கள் ஏராளமாக அகப்படுகின்றன. "ஒருவர் இருக்கிறார், யார் என்று தெரியாது" என்ற பதிலோடு யந்திரம் நின்றுவிடுகிறது.

அவ்வாறு நின்ற ஒரு இடத்தில்தான் ஒரு நல்ல கதையும் பிறந்தது. பல நாட்டு மண்ணில் அடிக்கடி தென்பட்ட ஒரு முகவரியற்ற டி.என்.ஏ.க் கூட்டத்தை வெகுநாள் தேடி, கடைசியில் அதன் சொந்தக்காரக் காளானை வளர்த்துக் காட்டினார்கள். அதற்கு "ஆர்க்கியோரைசோமைசீட்ஸ்" என்று 2011-இல் பெயரிட்டார்கள். அது ஒரு தனி இனம் மாத்திரம் அன்று. அதுவரை எவரும் அறியாத ஒரு முழு வகுப்பு! ஆகவே, கண்ணாடித் தட்டையும் பூதக்கண்ணாடியையும் பரண்மேல் போட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். யந்திரம் பெயர் தெரியாமல் விழிக்கும்போது பெயர் சொல்வதற்குச் சதாசிவனைப் போலவும் சுப்பிரமணியனைப் போலவும் பயின்ற கண்கள் வேண்டும். அத்தகைய கண்கள் எல்லாத் தேசங்களிலும் குறைந்து வருகின்றன. நமது கலாசாலைகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

தோப்புக்கு என்ன பயன்?

இனிப் பட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆந் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கடுமையாக அடிபட்டது. தகப்பனார் வைத்த தென்னையைப் பிள்ளை அனுபவிப்பது என்ற பரம்பரைக் கணக்கு அன்றிரவு முறிந்துபோனது. நட்ட கன்று காய்ப்பதற்கு ஐந்து வருஷம் முதல் ஏழு வருஷம் வரை ஆகும். அந்த இடைக்காலத்தைக் கடனிலும் ஊடுபயிரிலும் தள்ளிக்கொண்டு காத்திருக்கும் குடும்பத்துக்கு, காய்க்கும் பருவத்தில் மரத்தடியில் செஞ்சாறு கசிந்தால் அதைவிடப் பெரிய இடி வேறு இல்லை.

புயலில் விழுந்த மரங்களின் கட்டைகளும் வேர்களும் மண்ணில் மட்கிக் கிடக்கின்றன. கானோடெர்மாவுக்கு அவை நல்ல தங்குமிடம். முன்னே ஒரு புயலாண்டில்தான் இந்நோய் முதன்முதல் கவனிக்கப்பட்டது என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆகையால், கன்று நடுவதற்கு முன்பே மண்ணைக் கேட்டுக்கொள்வது எவ்வளவு உசிதம்! கோயமுத்தூர் வேளாண்மைச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, முன்சொன்ன ஐ.டி.எஸ். பகுதியைப் பயன்படுத்தி, வெளி அடையாளம் தோன்றுமுன் தென்னையில் கானோடெர்மாவைக் கண்டறியும் பி.சி.ஆர். முறையை வகுத்திருக்கிறார்கள். அந்தச் சர்வகலாசாலையின் தென்னை ஆராய்ச்சி நிலையம் பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள வேப்பங்குளத்திலேயே இருக்கிறது. புகழ்பெற்ற வேப்பங்குளம் ஒட்டுத் தென்னைகள் அங்கிருந்து வந்தவையே. தஞ்சாவூர் வாடலைப் பற்றிய வேலையும் அங்கே நடந்திருக்கிறது.

எதிரியைத் தேடிப் பிடிப்பதோடு காரியம் முடியவில்லை. நல்ல மண்ணில் கானோடெர்மா தனியே வாழ்வதில்லை. அதைத் தின்று அடக்கும் ட்ரைக்கோடெர்மா போன்ற நல்ல காளான்களும், வேருக்குத் துணைநின்று சத்தை ஊட்டும் காளான்களும் கூடவே வாழ்கின்றன. பல குடிகள் நிறைந்த ஊரில் ஒரு போக்கிரி தலையெடுப்பது கடினம். பாழடைந்த ஊரில் அவன் வைத்ததே சட்டம். பராமரிப்பில்லாத தோப்பிலும், ஆழமில்லாத மணற்பூமியிலும் இந்நோய் மிகுதியாகக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிபுணர்கள் சொல்லும் பரிகாரங்களைப் பார்த்தாலே இது விளங்கும். மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரமும் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் இடவேண்டும். ட்ரைக்கோடெர்மாவை அதனுடன் கலந்து போடலாம். மரங்களுக்கிடையே வாழை பயிரிட வேண்டும். நோய்கண்ட மரத்திலிருந்து மற்ற மரத்துக்கு ஓடும்படியாகத் தண்ணீர் பாய்ச்சாமல், தனித்தனி வட்டப் பாத்தியில் பாய்ச்ச வேண்டும். செத்த மரத்தைக் கட்டையோடும் வேரோடும் அகற்ற வேண்டும். நோய்கண்ட மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி வேர்த்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். இவற்றுள் தொழு உரமும் பிண்ணாக்கும் வாழையும் நமது பாட்டனார்களும் அறிந்தவை. அவை ஏன் பலிக்கின்றன என்பதை மண்ணின் காளான் ஜாபிதாவைக் கொண்டு இப்போது எண்ணிப் பார்க்க முடிகிறது. பிண்ணாக்கு இட்ட தோப்பின் மண்ணையும் இடாத தோப்பின் மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரிசோதித்தால், எந்த உரத்தால் எந்தக் குடி பெருகியது என்பது வெளியாகிவிடும்.

இதைத் தனித்தனிக் குடியானவரால் செய்துகொள்ள முடியாது. ஒவ்வொரு கிராமத்திலும் சில தோப்புகளைத் தேர்ந்தெடுத்து, வருஷந்தோறும் ஒரே பருவத்தில் மண் எடுத்து, காளான் கணக்கைப் பதிவு செய்துவரும் ஏற்பாட்டைச் சர்க்காரும் சர்வகலாசாலையும் சேர்ந்து செய்யலாம். மண்ணின் உப்பையும் தழைச் சத்தையும் மணிச் சத்தையும் குறித்து அட்டை கொடுக்கும் வழக்கம் ஏற்கனவே வந்துவிட்டது. அந்த அட்டையில் மண்ணின் குடிமக்களுக்கும் ஒரு வரி சேர்த்தால், கன்று வைக்கும் குடும்பம் ஏழு வருஷம் கழித்து அறியப் போவதை இன்றே அறிந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் இதில் ஈடுபடுத்தலாம். நீலகிரிச் சதுப்பில் கரிப்பூட்டின் சாவியைக் கையில் வைத்திருப்பதும், முத்துப்பேட்டைச் சேற்றில் மீனுக்கு உணவு சமைப்பதும், பட்டுக்கோட்டைத் தோப்பில் தென்னையைக் காப்பதும் கெடுப்பதும் ஒரே குலத்துப் பிரஜைகள் என்று சிறுவயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்கு நிலம் வாங்கப் போகும்போது நான்காவது கேள்வியையும் மறவாமல் கேட்பான்.